கிறாசிலியானோ றாமோஸும் பிறேசிலின் பிரதேச நாவலும்

ஒரு பகுதியின் பேச்சுவழக்கையும் சடங்குகளையும் பதிவுசெய்வதே பிரதேச இலக்கியத்தின் பணி எனக் கருதுவோர் பலர். இக்கருத்தின் குறைபாட்டினை உணர்ந்துகொள்வதற்குப் பிறேசில் நாட்டு நாவலாசிரியர் கிறாசிலியானோ றாமோஸின் (1892 - 1953) ஆக்கங்களை நோக்குதல் பயனுடையதாகும்.

பிறேசிலின் வடகிழக்கு, கரையோரத்தில் கரும்புத் தோட்டங்களையும் உள்நாட்டில் பரந்த வறள்நிலத்தையும் கொண்டது. 1877 - 1879 காலப் பெருவறட்சியில் அங்கு இலட்சக்கணக்கானோர் மாண்டனர். வறட்சி இயற்கையால் வருவது. ஆயின், அது வந்ததும் வெளியேற வேண்டியவர் யாவர் என்பதைத் தீர்மானித்தது நிலவுடைமையே. 1930களில் றாக்கெல் டி கெய்றோஸ், ஜோசே லின்ஸ் டோ றேகோ, ஜோர்ஜ் அமாடோ ஆகியோர் இப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒருங்கே எழுதத் தொடங்கியமை தற்செயலானதன்று.

அலகோவாஸ் மாநிலத்திற் பிறந்த றாமோஸ், பல்மெய்றா டோஸ் இந்தியோஸ் என்னும் சிற்றூரில் வணிகராக இருந்தவர். 1928 முதல் 1930 வரை அவ்வூரின் நகரபிதாவாகவும் பணியாற்றினார். வரவுசெலவு பற்றி அவர் மாநில ஆளுநருக்கு அனுப்பிய அறிக்கைகளின் ஒளிவுமறைவற்ற நடையே ஒரு பதிப்பாளரின் கவனத்தை ஈர்த்து, 1933இல் அவரது முதல் நாவல் வெளிவர வழிவகுத்தது. நிர்வாக அறிக்கையொன்று நாவலாசிரியரைக் கண்டுபிடித்துத் தந்தமை இலக்கிய வரலாற்றில் அரிதான நிகழ்ச்சியே. 1934இல் வெளிவந்த 'சாவோ பெர்னார்டோ', கூலியாளாக இருந்து பெருநிலக்கிழாரான ஒருவன், மனைவியையும் உடைமையாகவே கருதி அவளை இழந்ததைத் தன் வாயாலேயே கூறும் நாவலாகும்.

எனினும், அவரது மேதைமை முழுமையாக வெளிப்படுவது 1938இல் வெளிவந்த 'வறண்ட வாழ்வுகள்' என்னும் நாவலிலேயே என்பது எமது துணிபு. மாடு மேய்க்கும் பபியானோ, மனைவி விற்றோரியா, இரு சிறுவர், ஒரு நாய் - இவ்வளவே அதன் உலகம். சிறுவருக்குப் பெயரில்லை, மூத்தவன், இளையவன் என்றே சுட்டப்படுகின்றனர். நாய்க்கோ 'திமிங்கிலம்' என்று பெயர். நீரற்ற நிலத்தில் இப்பெயர் சுமக்கும் எள்ளல் விளக்கம் வேண்டாதது.

இந்நாவலின் மையப் பிரச்சினை பசி மட்டுமன்று, சொல்லின்மையுமாகும். விற்றோரியா விதைகளை அடுக்கிக் கூலிக்கணக்குப் பார்க்கிறாள். முதலாளியின் கணக்கோ வேறாக இருக்கிறது. வேறுபாட்டுக்குக் காரணம் வட்டி என்கிறான் அவன். ஏமாற்றப்படுவதை உணரும் பபியானோவுக்கு அதனை எடுத்துரைக்கச் சொற்களில்லை. பொலிஸ்காரன் ஒருவன் அவனைச் சீட்டாட்டத்துக்கு இழுத்துச் சென்று, பின்னர் சிறையில் அடைக்கும்போதும் நிலை இதுவே. அதே பொலிஸ்காரன் பின்னொருகால் முட்காட்டில் வழிதவறித் தனியே எதிர்ப்படுகிறான். கத்தியை ஓங்கிய பபியானோ அதனைத் தாழ்த்தி, தொப்பியைக் கழற்றி, வழிகாட்டி அனுப்புகிறான். அடக்குமுறை மனத்துள் எவ்வளவு ஆழமாக வேரோடியுள்ளது என்பதை இவ்வொரு காட்சி உணர்த்துமளவுக்கு நீண்ட பிரசாரங்கள் உணர்த்தா.

ஆசிரியர் பேச்சுவழக்கை அள்ளித் தெளிக்கவில்லை. குறுகிய, ஈரமற்ற வாக்கியங்களால் நிலத்தையே நடையாக்குகிறார். நாவலின் பதின்மூன்று அத்தியாயங்களுட் பல தனித்தனியே வெளிவந்தவை. நோயுற்ற நாயைச் சுட நேரும் அத்தியாயமே முதலில் சிறுகதையாக எழுதப்பட்டது. வெறிநோய் என்று அஞ்சிச் சுடப்பட்ட அப்பிராணி, இரை நிறைந்த ஓர் உலகைக் கனவுகண்டவாறு இறக்கிறது. மனிதருக்குக் கிட்டாத அகவுலக விரிவு நாய்க்குக் கிட்டுகிறது.

இந்நாவலுக்கு முன்பே, 1936 மார்ச்சில், வர்காஸ் ஆட்சி றாமோஸைக் கைதுசெய்திருந்தது. அப்போது அவர் மாநிலக் கல்விப் பணிப்பாளர். குற்றச்சாட்டோ விசாரணையோ இன்றி, 1937 ஜனவரி வரை சிறைகளிலும் தண்டனைத் தீவிலும் வைக்கப்பட்டார். கம்யூனிஸ்ட் கட்சியில் அவர் சேர்ந்ததோ 1945இல்தான். அவர் தனித்தெழுதிய நான்கு நாவல்களும் அதற்கு முன்னரே வெளிவந்துவிட்டன. கட்சி உறுப்புரிமையைக் கொண்டு படைப்பை அளவிட முனையும் விமர்சகர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும். சிறையனுபவங்களை அவர் பல்லாண்டுகள் எழுதிவந்தார். அந்நூல் அவர் மறைந்த 1953ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. இறுதி அத்தியாயம் மட்டும் எழுதப்படாமலே நின்றுவிட்டது.