சிரிப்பும் அன்றாட உழைப்புதான்

மைக்கைப் பிடித்ததும் வாய்க்கு வந்ததைப் பேசிக் கைதட்டல் வாங்குகிறவர்தான் ஸ்டாண்ட்-அப் காமெடியன் என்றொரு நினைப்பு நமக்கு உண்டு. நியூயார்க்கில் ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஜோன் ரிவர்ஸின் வீட்டுக்குள் கேமராவோடு நுழைந்த 2010 ஆவணப்படம் அந்த நினைப்பைக் கலைத்துவிடும். வரிசையாக இழுப்பறைகள். திறந்தால் டைப் அடித்த அட்டைகள். மளிகைக் கடையில் சரக்கு அடுக்குவதுபோல எல்லாம் தலைப்புவாரியாக. ஓர் இழுப்பறை ‘சமையல்’ என்று தொடங்கி நடிகர் டோனி டான்ஸாவின் பெயரில் முடிகிறது. 65,000-க்கும் அதிகமான அந்த ஜோக்குகள் இன்று ஜேம்ஸ்டவுன் நகரின் தேசிய நகைச்சுவை மையத்துக்குப் போய்விட்டன.

டாக்டர் வீட்டுப் பெண்

1933-ல் புரூக்ளினில் பிறந்தவர் ரிவர்ஸ். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம், அப்பா டாக்டர். பர்னார்ட் கல்லூரியில் பட்டம் வாங்கிய பெண், கிரீனிச் வில்லேஜின் சின்னச் சின்ன கிளப்புகளில் மேடை தேடி அலைந்தார். 1965 பிப்ரவரி 17 அன்று ஜானி கார்சன் நடத்திய இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான ‘டுநைட் ஷோ’வில் தோன்றினார். நீ பெரிய ஸ்டாராக வருவாய் என்று கார்சன் கேமரா முன்னாலேயே சொல்லிவிட்டார். அத்துடன் எல்லாம் மாறியது.

அவர் பேசியது ஊர் உலக அரசியல் அல்ல. கல்யாணம் ஆகாத பெண்ணின் வீட்டு அவஸ்தை, கர்ப்பம், தன் முகம், தன் வயது. ‘நெடுஞ்சாலைக்கு முன் கடைசிப் பெண் இவள்தான்’ என்று அம்மா வாசலில் போர்டு மாட்டிவிட்டதாகச் சொல்வார். பெண்கள் தங்களுக்குள் முணுமுணுத்ததை அவர் மைக் முன்னால் உரக்கச் சொன்னார்.

ஒரே ஆண்டில் எல்லாம் போனது

1983-ல் கார்சன் விடுப்பில் போகும் நாட்களில் நிகழ்ச்சியை நடத்தும் நிரந்தர இடம் கிடைத்தது. 1986-ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி அவருக்கே தனியாக ஒரு இரவு நிகழ்ச்சி கொடுத்தது. கார்சனுக்குப் போட்டியாக! விஷயம் தெரிந்த கார்சன், ரிவர்ஸ் போன் செய்தபோது பேசாமலே வைத்துவிட்டார் என்று ரிவர்ஸ் சொல்லியிருக்கிறார். 2005-ல் கார்சன் இறக்கும்வரை பேச்சுவார்த்தை இல்லை.

1987 மே மாதம் ஃபாக்ஸும் அவரை நீக்கியது. அந்த நிகழ்ச்சியைத் தயாரித்த கணவர் எட்கர், ஆகஸ்டில் தற்கொலை செய்துகொண்டார். வேலைக்குக் கூப்பிட ஆளில்லை. ரிவர்ஸ் அந்தத் துக்கத்தையும் ஜோக்காக்கி மேடைக்குக் கொண்டுபோனார். இழவு வீட்டில் இப்படியா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவருக்கு அது ஒன்றுதான் எழுந்து நிற்கத் தெரிந்த வழி. 1989-ல் பகல் நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கி, அடுத்த ஆண்டே எம்மி விருது வாங்கினார். பிறகு டிவியில் நகை விற்றார். விருது விழா வாசலில் மகள் மெலிசாவோடு நின்று நட்சத்திரங்களின் உடைகளை வாரினார். இது நம் தகுதிக்குக் குறைவு என்று எந்த வேலையையும் தள்ளியதில்லை. ஆவணப்படத்தில், ஒன்றும் எழுதாத டைரிப் பக்கத்தைக் காட்டி, பயம் என்றால் இதுதான் என்கிறார்.

மேடையில் ஒன்று, இறங்கியபின் ஒன்று

அதே படத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு நிகழ்ச்சி. ஹெலன் கெல்லர் பற்றி ஜோக் அடிக்கிறார். கூட்டத்திலிருந்து ஒருவர், காது கேளாத பிள்ளையைப் பெற்ற எனக்கு இது சிரிப்பாக இல்லை என்று கத்துகிறார். ரிவர்ஸ் விடவில்லை. என் அம்மாவுக்கும் காது கேட்காது, நகைச்சுவை எதற்கென்று உமக்குத் தெரியுமா என்று பொரிந்து தள்ளுகிறார். கூட்டம் அவர் பக்கம் வந்துவிடுகிறது. நிகழ்ச்சி முடிந்து இறங்கியபின் அந்த மனிதருக்காகவே பரிதாபப்படுகிறார். மேடையில் இரக்கம் காட்டியிருந்தால் அன்றைய நிகழ்ச்சி அதோடு படுத்திருக்கும். அது அவருக்குத் தெரியும்.

கார்சனோடு ஏற்பட்ட பிளவில் அடைபட்ட ‘டுநைட் ஷோ’வின் கதவு, 2014-ல் ஜிம்மி ஃபாலன் அதை நடத்தும் பொறுப்பேற்றதும் மறுபடி திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 இரவு, 81 வயதில், மன்ஹாட்டனின் சின்ன அரங்கொன்றில் ஜோக் சொன்னார். மறுநாள் தொண்டைச் சிகிச்சையின்போது மூச்சும் இதயமும் தடுமாறின. செப்டம்பர் 4 அன்று காலமானார்.

சாவையும் அவர் விட்டுவைக்கவில்லை. 2012-ல் வந்த புத்தகத்தில் தன் இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்: சினிமா விழா மாதிரி விளக்கும் கேமராவும் வேண்டும், சவப்பெட்டியில்கூட மின்விசிறி வைத்து, பியான்சேயின் கூந்தலைப் போலவே தன் கூந்தலும் பறக்க வேண்டும்!