ஏரியைக் காப்பாத்தணுமா? வார்டு மெம்பர் தேர்தலை மிஸ் பண்ணாதீங்க!

ஏரியில குப்பை மிதக்குற வீடியோவைப் பார்த்ததும் கோபமா ஷேர் பண்றீங்க. சரி, உங்க வார்டு மெம்பர் பேரு என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்!

தெரியலையா? பிரச்னையே அங்கதான் ஆரம்பிக்குது.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல இருக்கிற கூரத்துக்கு ஒரு பெருமை உண்டு. 7-ம் நூற்றாண்டுல பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, இங்கே வெட்டின ஏரியையும், அதுக்குப் பாலாற்றுல இருந்து தண்ணி கொண்டுவந்த பெரும்பிடுகு கால்வாயையும் பத்திப் பேசுது. ஏரியை வெட்டினது ராஜா. பராமரிக்கிறது யாரு?

அதுக்குப் பதில் இதே மாவட்டத்துல, உத்திரமேரூர் கல்வெட்டுல இருக்கு. முதலாம் பராந்தகன் காலத்துல, 919, 921-ம் ஆண்டுகள்ல வெட்டினது. ஊரை 30 குடும்புகளாப் பிரிச்சு, ஓலையில பேரெழுதிக் குடத்துல போட்டு எடுத்தாங்க. அப்படி அமைஞ்ச குழுக்கள்ல ஒண்ணு, ஏரியைப் பார்த்துக்க 6 பேர் கொண்ட ஏரி வாரியம். பதவியில இருந்து கணக்குக் காட்டாதவங்க பேரைக் குடத்துல போடவே கூடாது! ஆனா நிலம் இல்லாதவங்களுக்கும் பெண்களுக்கும் அதுல இடமில்ல.

இன்னிக்கு 18 வயசு ஆன எல்லாருக்கும் ஓட்டு இருக்கு. தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகள்ல பாதி பெண்களுக்கு.

நாலு ஓட்டு, நாலு கலர்

கிராமத்துல உங்களுக்கு நாலு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். தலைவருக்குப் பிங்க், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் சீட்டு. முதல் ரெண்டுக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. அதனால ஆளைப் பார்த்துத்தான் போடணும்.

குடிநீர், சிறு பாசனம், சமூகக் காடு வளர்ப்புன்னு 29 துறைகளை உள்ளாட்சிக்குக் கொடுக்கலாம்னு அரசியல் சட்டத்தோட 11-வது அட்டவணை சொல்லுது. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தோட பொறுப்பு. குப்பையை எங்க கொட்டுறது, கழிவுநீர் எங்க போய்ச் சேருது, எந்தக் குளத்தைத் தூர் வாருறது... எல்லாத்துக்கும் நீங்க முதல்ல கேட்க வேண்டியது இவங்களைத்தான். எம்.பி தேர்தல்ல லட்சக்கணக்கான ஓட்டுல உங்க ஓட்டு ஒண்ணு. வார்டுலயோ பத்து ஓட்டு முடிவையே மாத்திடும்.

ஓட்டுப் போட்டா மட்டும் போதுமா?

போதாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 - இந்த ஆறு நாளும் கிராம சபை கூடும். இதுல மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்களும் உறுப்பினர்தான். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது இந்தக் கிராம சபையிலதான். தீர்மானம் போட்டதும் திட்டம் நின்னுடாது. ஆனா ஊரோட குரல் எழுத்துல பதிவாகிடும்.

காஞ்சிபுரம் மாவட்டத்துல கடைசியா ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபர்ல. பதவிக்காலம் 5 வருஷம். சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான் இதுக்கும் அடிப்படை. அதுல பேர் இல்லைன்னா, போன்லயே படிவம் 6-ஐ நிரப்பிடுங்க.

அடுத்து ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ''நம்ம ஏரிக்கு என்ன செய்யப் போறீங்க?''

பதில் சொல்லத் தடுமாறுறாங்களா? யாருக்கு ஓட்டுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்!