மாடிப்படிக்கு ஒரு பிடி

நம் ஊர் வீடுகளில் மாடிப்படியின் ஓரத்தில் நாலரை அங்குலச் செங்கல் சுவரை எழுப்பி, அதன் தலையில் கிரானைட் பலகையை ஒட்டிவிடுவது பழகிப்போன வேலை. பார்க்க லட்சணமாக இருக்கும். குழந்தைகள் பக்கவாட்டில் விழாமலும் தடுக்கும். ஆனால் கால் வழுக்கும் நொடியில் அதனால் பயனில்லை. அரையடி அகல வழவழப்பான கல்லின்மேல் உள்ளங்கை சறுக்குமே தவிர, விரல்களால் சுற்றிப் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாததைக் கைப்பிடி என்று எப்படிச் சொல்வது?

ஏறும்போது தடுக்கினால் எதிரிலேயே படி இருக்கிறது, கையை ஊன்றிக்கொள்ளலாம். இறங்கும்போது எதிரில் வெறும் காற்றுதான். உடல் எடை முழுவதும் ஒற்றைக் காலில் நிற்கையில் அந்தக் கால் நழுவினால், விரல்கள் பாய்ந்து பற்றவும் பற்றியபின் பூட்டிக்கொள்ளவும் ஏதாவது வேண்டும். கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற நான்கு விரல்கள் மறுபக்கமும் வளைந்து மூடினால்தான் அந்தப் பூட்டு விழும். அதற்கு ஏற்றது 38 முதல் 45 மி.மீ. விட்டமுள்ள உருண்டைக் குழாய். அதாவது ஒன்றரை அங்குலப் பைப். பட்டறையில் “ரெண்டு இஞ்ச் போட்டாத்தான் சார் கெத்து” என்பார்கள். எழுபது வயதுப் பாட்டியின் கைக்கு அந்தக் கெத்து அடங்காது.

சுவருக்கும் குழாய்க்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி வேண்டும். குறைந்தால் விரல் முட்டி சுவரில் உரசும். உரசும் என்று தெரிந்ததும் கை தானாகவே விலகிவிடும். பிராக்கெட்டைக் குழாயின் அடிவயிற்றில் பொருத்தச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பொருத்தினால் ஒவ்வொரு பிராக்கெட்டிலும் பிடியை விட்டுவிட்டு மறுபடி பிடிக்க வேண்டிவரும்.

உயரத்தைப் படியின் முன்விளிம்பிலிருந்து நேர்குத்தாக அளக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் எளிதில் புழங்கும் கட்டடங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 760 மி.மீ.யில் ஒன்று, 900 மி.மீ.யில் ஒன்று என இரண்டு கைப்பிடிகளைச் சொல்கின்றன. வீட்டில் ஒன்றுதான் போடுவோம் என்றால், அதை அதிகம் பயன்படுத்தப்போகிறவரை படியில் நிற்கவைத்து, முழங்கை லேசாக மடங்கும் உயரத்தைக் குறித்துக்கொள்ளலாம். கீழ்ப்படியிலும் மேற்படியிலும் அதே உயரத்தில் புள்ளி வைத்து நூல் கட்டினால், படியின் சரிவுக்கு இணையான கோடு கிடைத்துவிடும்.

படிகள் சுவரை ஒட்டி இருந்தால், வெளிப்பக்கத்தில் என்ன இருந்தாலும் சுவர்ப் பக்கமும் ஒரு கைப்பிடி போடுவது நல்லது. ஏறும்போது வலது பக்கம் இருப்பது இறங்கும்போது இடது பக்கம் வந்துவிடும். பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவருக்கு ஒற்றைக் கைப்பிடி பாதிப் பயணத்துக்குத்தான் உதவும்.

இனி, பலர் கவனிக்காத இடத்துக்கு வருவோம்: போல்ட். கைப்பிடியைத் தாங்கப் படியின்மேல் நட்ட 900 மி.மீ. உயரக் காலின் உச்சியை ஒருவர் 30 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடித்தட்டில் போல்ட்டுக்கும் எதிர் விளிம்புக்கும் இடையே 80 மி.மீ.தான் தூரம் என்றால், அந்தப் போல்ட்டுகளைப் பிடுங்கும் விசை சுமார் 340 கிலோ. நெம்புகோல் கணக்கு அவ்வளவுதான். ஆகவே டைல்ஸையும் அதன் அடியிலுள்ள சாந்தையும் மட்டும் துளைத்து முறுக்கிய போல்ட் சில மாதங்களில் ஆட ஆரம்பித்துவிடும். துளை கான்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும், விளிம்புக்கு மிக அருகில் போகக் கூடாது, உள்ளே தங்கும் தூளை ஊதி எடுத்த பிறகே ஆங்கரை இறக்க வேண்டும். செங்கல் சுவரிலும் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் பிடிப்பு விழ வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் விரியும் வகை போல்ட் நிற்காது. அதற்கென உள்ள இரசாயன ஆங்கரைக் கேட்டு வாங்குங்கள்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய் என்றாலே துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையும் தவறு. கடைகளில் 202, 304 என இரண்டு தரம் அதிகம் புழங்குகிறது. 304-இல் நிக்கல் குறைந்தது 8 சதவீதம். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். விலை குறைவு, துரு எதிர்ப்பும் குறைவு. காந்தத்தை ஒட்டிப் பார்த்து “ஒட்டல பாருங்க, ஒரிஜினல்” என்று கடைக்காரர் சொன்னால் மயங்க வேண்டாம். இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. வீட்டுக்குள் 304 போதும். கடற்காற்று படும் வெளிப்படிக்கு மாலிப்டினம் சேர்ந்த 316 நல்லது. எந்தத் தரமானாலும், டைல்ஸ் கறையைப் போக்க ஊற்றும் ஆசிட்டின் ஆவி பட்டாலே மினுமினுப்புப் போய்ப் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆசிட் கழுவல் எல்லாம் முடிந்த பிறகே கைப்பிடியை மாட்டச் சொல்லுங்கள்.

குழாயைக் கடைசிப் படியோடு வெட்டிவிடாமல் இன்னும் 300 மி.மீ. நீட்டி, முனையைச் சுவரை நோக்கி வளைத்துவிட வேண்டும். திறந்த முனையில் புடவை முந்தானை மாட்டினால், விழாமல் காக்க வந்ததே விழவைக்கும். தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைக்கும் கடைசிப் படியில் கைக்குப் பிடி இருப்பது அவசியம்.

வேலை முடிந்ததும் பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் குழாயை இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு ஆட்டிப் பாருங்கள். துளியாவது அசைந்தால் அன்றே கழற்றி மாட்டச் சொல்லுங்கள். பில்லில் 304 என்று தரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.