மறுமணத்துக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

துணையை இழந்தவர் ஆண் என்றால், கருமாதி முடிந்த சில மாதங்களிலேயே சொந்தக்காரர்கள் பெண் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். “பிள்ளைகளைப் பார்த்துக்க ஒருத்தி வேணுமில்ல?” என்பார்கள். கணவனை இழந்தவளிடம் அதே சொந்தக்காரர்கள், “பிள்ளைங்க முகத்தைப் பார்த்துக் காலத்தை ஓட்டிரும்மா” என்பார்கள். அந்த வீட்டுக்குப் போகிறவள் ஆயாவாகத்தான் போகிறாள். இந்த வீட்டில் இருப்பவளுக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது என்பது யாருக்கும் நினைவில்லை.

ஆனாலும் துணை தேடுகிறவர்கள் தேடத்தான் செய்கிறார்கள். திருமணத் தகவல் தளங்களில் மறுமணத்துக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. வேலை பார்க்கும் இடத்தில் மனம் ஒத்துப்போய், இரண்டு பக்கப் பிள்ளைகளோடும் ஒரே வீட்டில் குடியேறுகிறவர்களும் உண்டு. இப்படிச் சேரும் வீடுகளில் சண்டை பெரும்பாலும் பிரியக் குறைவால் வருவதில்லை என்பது என் எண்ணம். வீடு யாருக்கு, நகை யாருக்கு என்று பேசாமல் விட்டதால்தான் வருகிறது. கூச்சத்தை ஒதுக்கிவைத்து அதை முதலில் பேசிவிடுங்கள்.

1856-ல் வந்த விதவை மறுமணச் சட்டம் மறுமணம் செல்லும் என்றது. ஆனால் மறுமணம் செய்தால் முதல் கணவர் வழி வந்த சொத்துரிமை போய்விடும் என்றும் சொன்னது. 1983-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. இன்றைய 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்தில் மனைவி, பிள்ளைகள், அவருடைய தாயார் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. மனைவிக்கு வந்த பங்கு அவளுக்கே முழு உரிமை. பிறகு அவள் மறுமணம் செய்துகொண்டாலும் அதை யாரும் திரும்பக் கேட்க முடியாது. பிள்ளைகளின் பங்கு பிள்ளைகளுக்கே. அவர்கள் மைனராக இருக்கும்வரை நீதிமன்ற அனுமதி இல்லாமல் அதைத் தாயாலும் விற்க முடியாது. (இது இந்துக் குடும்பங்களுக்கான சட்டம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு விதிகள் இருப்பதால் வக்கீலிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

மாமனார், மாமியாரின் பயத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மறுமணம் செய்த பெண் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், முதல் கணவரிடமிருந்து அவளுக்கு வந்த பங்கு அவளுடைய பிள்ளைகளுக்கும் இப்போதைய கணவருக்கும் சமமாகப் பிரியும். மகன் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பாகமா என்று பெற்றவர்கள் கலங்குவது இதனால்தான். இதற்கு மருந்து ஓர் உயில்தான். “இந்தப் பங்கு என் முதல் கணவரின் பிள்ளைகளுக்கு” என்று எழுதி அவள் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் பின்னால் வம்பு குறையும்.

அப்பா மறுமணம் செய்யும் வீட்டில் பேச்சு நகையில் தொடங்கும். உயில் இல்லாமல் இறந்த தாயின் நகையில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அதை எடைபோட்டுப் பட்டியல் எழுதி, பிள்ளைகளுக்கென்று லாக்கரில் வைத்துவிடுங்கள். புதிதாக வருகிறவளுக்கும் அதுதான் நிம்மதி. இல்லாவிட்டால் ஒரு வளையல் காணாமல் போனாலும் பழி அவள்மேல்தான் விழும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கூடவே வைத்து வளர்த்தாலும் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளை, இப்போதைய கணவருக்குச் சட்டப்படி வாரிசு ஆகாது. அந்தப் பிள்ளைக்கும் கொடுக்க நினைக்கிறவர் உயில் எழுத வேண்டும், அல்லது முறைப்படி தத்தெடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ், பி.எஃப்., வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் நாமினி பெயர் யாருடையது என்று அதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம்.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் தேதி குறிக்கும் முன்பே அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். மத்திய அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக மறுமணத்தோடு மனைவிக்கு நின்று, தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளை இல்லாத மனைவி என்றால், அவளுடைய வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும்வரை மறுமணத்துக்குப் பிறகும் வரும். மறுமணத்துக்குத் தமிழக அரசின் உதவியும் உண்டு. டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் உள்ள திட்டத்தின் நிபந்தனைகளை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் சொல்வார்கள்.

பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியவர் பெற்றவர்தான். பக்கத்து வீட்டு அத்தை வாயால் முதலில் தெரிந்துகொண்ட பிள்ளை அதை எளிதில் மன்னிக்காது. வந்தவரை ‘அப்பா’ என்றோ ‘அம்மா’ என்றோ கூப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். முதல் ஒன்றிரண்டு வருஷம் கண்டிப்பது, மார்க் கேட்பது எல்லாம் பெற்றவரிடமே இருக்கட்டும். பள்ளிச் சான்றிதழில் எந்தக் குடும்பப் பெயர் என்ற கேள்வியும் வரும். கணவர் இறந்தபின் மறுமணம் செய்த தாயே பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்யலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைக்குத் தெரியாமல் அதை மாற்றாதீர்கள்.

இறந்தவரின் படத்தைப் பரணில் போடுவதால் அவர் வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை. திதி கொடுக்கும் வழக்கமுள்ள வீட்டில் மகன் கொடுக்கட்டும், புதிய துணை அன்றைய சமையலில் கை கொடுக்கட்டும். அப்பாயியும் தாத்தாவும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருவதை அனுமதி கேட்டு வரும் விருந்தாக மாற்றிவிடக் கூடாது. பள்ளி விடுமுறையில் சில நாள் பிள்ளைகள் அவர்கள் வீட்டில் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரியவர்களின் பாதிக் கோபம் அடங்கும்.

அறுபது வயதில் துணை தேடுகிறவர்களின் சிக்கல் வேறு. அங்கே தடை போடுவது வளர்ந்த பிள்ளைகள். ஊர் என்ன சொல்லும் என்பார்கள். உயிலைக் கண்ணால் பார்த்தபின் ஊரைப் பற்றிய அந்தக் கவலை பலருக்குக் குறைந்துவிடுகிறது. அந்த உயிலில் வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதும்போது, தனக்குப் பிறகு துணைவர் ஆயுள்வரை அங்கேயே குடியிருக்கலாம் என்ற வரியையும் மறக்காமல் சேர்க்க வேண்டும்.