ஒரு லென்த் பைப் எத்தனை கிலோ? வீட்டுப் பட்டறைக்கு இரும்பு வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

"அண்ணே, ஒரு இன்ச் ஸ்கொயர் பைப் ரெண்டு லென்த் குடுங்க."

"எத்தனை கேஜ் தம்பி?"

முதல்முறை இரும்புக் கடைக்குப் போகும் பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். "நார்மலா எது ஓடுதோ அதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு என்ன தடிமன், என்ன எடை, என்ன விலை என்பதெல்லாம் கடைக்காரர் முடிவு. பில்லில் 'பைப் 2' என்று மட்டும் இருக்கும். வீட்டுக்கு வந்து வெல்டிங் வைக்கும்போது பைப் ஓட்டை விழுந்தால்தான், வாங்கியது மெல்லிய சரக்கு என்று தெரியவரும்.

ஆங்கிள் கிரைண்டரும் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும் இன்று ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கின்றன. வார இறுதியில் வீட்டுக்கு ஒரு ஸ்டாண்ட், ஷெல்ஃப், மேசை எனச் செய்து பார்க்கும் ஆர்வமும் கூடியிருக்கிறது. ஆனால் மெஷின் பற்றி பத்து வீடியோ பார்ப்பவர்கள்கூட, சரக்கு வாங்குவதைப் பற்றி யோசிப்பதில்லை. பணம் அதிகம் வீணாவதும், சில நேரம் ஆபத்து வருவதும் சரக்கில்தான்.

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்தில் ஒருவர், வீட்டுப் பின்கட்டில் வைக்க ஒரு வேலை மேசை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீளம் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ., கால் உயரம் 80 செ.மீ. அவர் என்ன வாங்க வேண்டும், எங்கே வாங்கலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்?

முதலில் வெட்டுப் பட்டியல்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் துண்டுகளை எழுத வேண்டும். மேல் சட்டத்துக்கு 120 செ.மீ. இரண்டு, 60 செ.மீ. இரண்டு. கால்கள் 80 செ.மீ. நான்கு. கீழே தாங்குவதற்கு 60 செ.மீ. இரண்டு, 120 செ.மீ. ஒன்று. மொத்தம் 920 செ.மீ.

பைப், ஆங்கிள், பட்டை எல்லாம் பொதுவாக 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி நீளத்தில் வரும். இதைத்தான் 'ஒரு லென்த்' என்கிறார்கள். 920 செ.மீ. தேவை என்றால் இரண்டு லென்த்.

இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. 120 செ.மீ. மூன்று, 60 செ.மீ. நான்கு சேர்த்தால் சரியாக 600 செ.மீ. தாளில் கணக்கு அழகாக முடிந்துவிடும். ஆனால் கட்-ஆஃப் மெஷினின் பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 மி.மீ. தின்றுவிடும். ஏழு துண்டுக்கு ஆறு வெட்டு, 18 மி.மீ. காலி. கடைசித் துண்டு குட்டையாகிவிடும். அதனால் ஒரு 60 செ.மீ. துண்டை இரண்டாவது லென்த்தில் எடுப்பதுதான் சரி. அங்கே நான்கு கால்களும் போக இடம் தாராளமாக இருக்கிறது. மீதி 2 மீட்டருக்கு மேல் துண்டும் கையில் நிற்கும்.

கேஜ், நூல், மி.மீ.: என்ன வித்தியாசம்?

கடையில் மூன்று அளவு மொழிகள் ஒரே நேரத்தில் ஓடும்.

கேஜ் என்பது தடிமன். எண் கூடக் கூட தகடு மெலியும். 14 கேஜ் சுமார் 2 மி.மீ., 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ., 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ.

நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு. கம்பிக்கு இன்றும் இந்தக் கணக்குதான் பேச்சில் இருக்கிறது. மூணு நூல் என்றால் 10 மி.மீ., நாலு நூல் 12 மி.மீ., அஞ்சு நூல் 16 மி.மீ. கம்பி கிடைக்கும். கணக்குப்படி பார்த்தால் நாலு நூல் 12.7 மி.மீ. வர வேண்டும். கையில் வருவது 12 மி.மீ. கம்பி. அரை இன்ச் டிரில் போட்டு அதைச் செருகினால் ஆடும். துல்லியம் தேவைப்படும் வேலைக்கு மி.மீ. சொல்லிக் கேட்பதே நல்லது.

எடைதான் உண்மை சொல்லும்

இரும்பின் அடர்த்தி மாறாது. ஒரு கன மீட்டருக்கு சுமார் 7,850 கிலோ. அதனால் அளவு தெரிந்தால் எடையை வீட்டிலேயே கணக்குப் போடலாம். எடை தெரிந்தால் தடிமனையும் கண்டுபிடிக்கலாம். மூன்று சூத்திரங்கள் போதும். எல்லா அளவும் மி.மீ.யில், விடை ஒரு மீட்டருக்குக் கிலோவில்.

• உருண்டைக் கம்பி: விட்டம் × விட்டம் ÷ 162. பன்னிரண்டு மி.மீ. கம்பி என்றால் 144 ÷ 162 = 0.89 கிலோ.

• பட்டை: அகலம் × தடிமன் × 0.00785. இருபத்தைந்துக்கு ஐந்து பட்டை 0.98 கிலோ.

• ஸ்கொயர் பைப்: (பக்கம் − தடிமன்) × 4 × தடிமன் × 0.00785.

நம்ம மேசைக்கு 25 மி.மீ. ஸ்கொயர் பைப் என்று எடுத்துக்கொள்வோம். 16 கேஜ் என்றால் மீட்டருக்கு 1.18 கிலோ, ஒரு லென்த் சுமார் 7 கிலோ. அதே பைப் 18 கேஜ் என்றால் மீட்டருக்கு 0.9 கிலோ, ஒரு லென்த் சுமார் 5.4 கிலோ. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கிலோ 70 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், முதலாவது 490 ரூபாய், இரண்டாவது 378 ரூபாய். மெல்லிய பைப்பைத் தடித்த பைப் விலைக்கு வாங்கினால் லென்த்துக்கு 112 ரூபாய் நஷ்டம். பத்து லென்த்தில் ஒரு கேட் செய்பவருக்கு 1,120 ரூபாய். அதைவிட முக்கியம், கிட்டத்தட்ட கால் பங்கு இரும்பு குறைந்த பைப் சுமை தாங்குவதும் குறையும்.

பைப்பின் மூலைகள் வளைந்திருப்பதால் உண்மையான எடை கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். 7 கிலோவுக்குப் பதில் தராசு 6.7 காட்டினால் கவலை இல்லை. 5.5 காட்டினால் அது 16 கேஜ் அல்ல. "அண்ணே, ஒரு தடவை எடை போட்டுப் பாத்துடலாமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. கிலோ கணக்கில் விற்கும் கடையில் இது வழக்கமான கேள்விதான். ஒரு வெர்னியர் கையில் இருந்தால் பைப் வாயில் வைத்துத் தடிமனையும் பார்த்துவிடலாம். வெட்டிய பிசிறு இல்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

விலை கேட்கும்போது "ஜிஎஸ்டி சேர்த்தா?" என்று கேட்பது அவசியம். இரும்புக்கு 18 சதவீதம் வரி. பில்லில் அளவு, தடிமன், எடை மூன்றும் எழுதச் சொல்ல வேண்டும். எடையில் சந்தேகம் இருந்தால் தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எங்கே வாங்கலாம்?

ஒரு அடி, இரண்டு அடித் துண்டு போதும் என்றால் உள்ளூர் வெல்டிங் பட்டறைதான் முதல் இடம். கேட், கிரில் செய்து மிஞ்சும் துண்டுகள் அங்கே மூலையில் கிடக்கும். எடைக்குக் கொடுப்பார்கள், வெட்டியும் கொடுப்பார்கள்.

முழு லென்த் வேண்டும் என்றால் அரிமளத்துக்காரர்களுக்கு ஒருபக்கம் புதுக்கோட்டை, இன்னொருபக்கம் காரைக்குடி. கனத்த தகடு, பெரிய அளவு என்றால் திருச்சி. திருவெறும்பூர் பெல் ஆலையை ஒட்டித் துவாக்குடி வரை வளர்ந்த ஃபேப்ரிகேஷன் தொழில், அந்தப் பகுதியை உலோகச் சந்தையாகவே மாற்றியிருக்கிறது. அலுமினியம், பித்தளை, லேத் வேலைக்கான இஎன்8 உருளை போன்றவற்றைச் சிறு துண்டாக ஆன்லைனிலும் வாங்கலாம். ஆனால் எடை கூடினால் கூரியர் செலவு சரக்கின் விலையைத் தாண்டிவிடும்.

வாங்கியதைக் கொண்டுவருவது அடுத்த பிரச்சினை. 6 மீட்டர் பைப்பை பைக்கில் கட்டிக்கொண்டு வருவது உயிரோடு விளையாடுவது. வண்டியின் உடலுக்கு வெளியே அனுமதியை மீறிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் குட்டியானை வாடகை பகிர்ந்துவிடும். இல்லையென்றால் கடையிலேயே வெட்டி வாங்கலாம். "நடுவுல வெட்டிடுங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது. 3 மீட்டர் துண்டில் இரண்டு 120, ஒரு 60 எடுக்கப் போனால் மறுபடி பிளேடு கணக்கு உதைக்கும். வெட்டுப் பட்டியலைக் காட்டி வெட்டச் சொல்வதே சரி.

எந்த வேலைக்கு எந்த உலோகம்?

மேசை, ஷெல்ஃப், ஸ்டாண்ட் என்றால் எம்எஸ், அதாவது மைல்ட் ஸ்டீல். வெட்ட, வளைக்க, வெல்டிங் வைக்க எளிது. பெயின்ட் அடிக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

வீடு கட்டி மிஞ்சிய டிஎம்டி கம்பியை லேத்தில் கடைந்து ஷாஃப்ட் ஆக்கலாமா? வேண்டாம். சூடான கம்பியைத் தண்ணீரில் சட்டென்று குளிர வைப்பதால் அதன் வெளித்தோல் கடினமாகவும் உள்பகுதி மென்மையாகவும் இருக்கும். கடையும்போது வலுவான தோல்தான் முதலில் போகும். ஷாஃப்ட் போன்றவற்றுக்கு இஎன்8 கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் குழப்பம் அதிகம். 304 ரகத்தில் சுமார் 8 சதவீதம் நிக்கல் இருக்கும். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், விலையும் குறைவு. "காந்தம் ஒட்டலை, அப்போ 304தான்" என்பது தவறு. இரண்டிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது. கோட்டைப்பட்டினம், மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களில் 202 சீக்கிரமே துருப்புள்ளி காட்டத் தொடங்கும். ரகத்தைப் பில்லில் எழுதி வாங்குவதும், சொட்டு மருந்து போல விட்டுப் பார்க்கும் சோதனைத் திரவத்தால் பரிசோதிப்பதும்தான் வழி.

ஐஎஸ்ஐ முத்திரையுடன் உரிம எண் இருந்தால், பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டு உண்மையானதா என்று போனிலேயே பார்க்கலாம்.

பழைய இரும்புக் கடை: லாபமா, ஆபத்தா?

இரண்டும்தான். லாரி ஸ்பிரிங் பட்டை போன்ற நல்ல எஃகு அங்கே எடைக்குக் கிடைக்கும். கொல்லர்கள் அரிவாளுக்கு அதைத் தேடிப் போவதும் அதனால்தான். கிரைண்டரில் லேசாக உரசினால் பொறி கொஞ்சம் துப்புத் தரும். மைல்ட் ஸ்டீலில் மஞ்சள் நிறத்தில் நீளமான பொறி வரும், கிளை குறைவு. கார்பன் கூடினால் பூத்திரி போல நுனியில் வெடிக்கும். வார்ப்பிரும்பில் குட்டையாகச் சிவப்பாக வரும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யக் கூடாது.

ஆனால் நான்கு விஷயங்களை விலை எவ்வளவு குறைந்தாலும் தவிர்க்க வேண்டும்.

1. மூடிய டிரம், பழைய பெட்ரோல் டேங்க். உள்ளே மிச்சமிருக்கும் ஆவி, வெட்டும்போது வெடிக்கும்.

2. வண்டி ஷாக் அப்சார்பர். உள்ளே அழுத்தத்தில் எண்ணெயும் வாயுவும் இருக்கும். சூடுபட்டால் வெடிக்கலாம்.

3. ஜிஐ பைப்பை மூடிய அறையில் வெல்டிங் வைப்பது. பூச்சில் உள்ள துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் போல நடுக்கம் வரும். வெல்டிங் வைக்கும் இடத்தில் பூச்சை நீக்கிவிட்டு, திறந்த வெளியில் தகுந்த மாஸ்க்குடன்தான் செய்ய வேண்டும். எளிய வழி, எம்எஸ் பைப் வாங்குவது.

4. ஆள் எடை தாங்க வேண்டிய பொருளுக்குப் பழைய இரும்பு. ஊஞ்சல் கொக்கி, ஏணி, மாடிக் கைப்பிடி போன்றவை. ஏற்கெனவே வளைந்து நிமிர்ந்த கம்பியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். கார்பன் அதிகமான எஃகில் சாதாரணமாக வெல்டிங் வைத்தால், பற்றுக்குப் பக்கத்திலேயே உடையலாம்.

செட்டிநாட்டுப் பக்கம் முற்றத்து ஊஞ்சல் இல்லாத வீடு குறைவு. அதற்கு ஒரு கொக்கி செய்ய 16 மி.மீ. எம்எஸ் உருண்டைக் கம்பி ஒரு மீட்டர் எடுத்தால், 16 × 16 ÷ 162, சுமார் 1.6 கிலோதான் வரும். புதுக் கம்பிக்கும் பழைய கம்பிக்கும் விலை வித்தியாசம் ஒரு டீச் செலவைக் கொஞ்சம் தாண்டும். ஆடப் போவது வீட்டுப் பிள்ளைகள் என்பதால், அந்த இடத்தில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கடைக்குப் போகும் முன், போனில் குறித்துக்கொள்ள:

வெட்டுப் பட்டியல், மி.மீ.யில் தடிமன், ஒரு லென்த் எத்தனை கிலோ வர வேண்டும் என்ற கணக்கு. இந்த மூன்றும் கையில் இருந்தால், அடுத்த முறை "எத்தனை கேஜ் தம்பி?" என்று கேட்டதும் பதில் வரும்: "16 கேஜ்ண்ணே. லென்த் ஏழு கிலோ பக்கம் வரணும், எடை போட்டுக் குடுங்க."