நாடி எவ்வளவு? - காட்டுப் பாதைக் குதிரைக்கு ஒரு முதலுதவிப் பை

போன வருடம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை. கலிஃபோர்னியாவின் ஆபர்ன் பக்கம், அமெரிக்கன் நதிப் பள்ளத்தாக்கில் காலைச் சவாரி முடித்துவிட்டு வந்து குதிரையை டிரெய்லர் ஓரமாகக் கட்டினேன். புல்லைத் தொடவில்லை. வெயில், களைப்பு என்று விட்டுவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது, முன்காலால் மண்ணைக் கிளறியது. அப்போதுதான் பயம் வந்து டாக்டருக்கு ஃபோன் போட்டேன்.

அவர் கேட்டது நாலே கேள்வி. நாடி எவ்வளவு? ஈறு என்ன நிறம்? வயிற்றில் சத்தம் கேட்கிறதா? கடைசியாக எப்போது சாணி போட்டது?

ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் மென்பொருள்காரன். "சைட் வேலை செய்யல" என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்புகிற வாடிக்கையாளர்கள் மேல் இருபது வருடமாகக் கடுப்பில் இருப்பவன். அன்றைக்கு அந்த வாடிக்கையாளர் நான்தான். இத்தனைக்கும் சேணப்பையில் முதலுதவிப் பெட்டி இருந்தது. கடையில் வாங்கிய பெட்டி, உள்ளே பாதிக்கு மேல் மனுஷனுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி.

பக்கத்து டிரெய்லர்க்கார அம்மா ஒருவர் ஸ்டெதஸ்கோப்போடு வந்தார். இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினார். 64. அதைக் கேட்டதும் டாக்டரின் குரல் மாறிவிட்டது. தீனி எதுவும் வைக்காதே, இதோ வருகிறேன் என்றார்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயில் இருக்கும் தசை அவ்வளவு இறுக்கம். அடைப்பு ஏற்பட்டு உள்ளே நீரும் வாயுவும் சேர்ந்தால் வெளியேற வழி கிடையாது, இரைப்பையே கிழிந்துவிடலாம். அதனால்தான் டாக்டர் வந்தவுடன் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். எங்களுக்கு அதிர்ஷ்டம், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அப்போது தேட ஆரம்பித்ததன் சுருக்கம்தான் இந்தக் குறிப்பு.

முதலில் எண்கள், பிறகு பொருள்கள்

ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்குத் தோராயமாக:

- நாடி: நிமிடத்துக்கு 28 முதல் 44
- மூச்சு: 8 முதல் 16
- உடல் வெப்பம்: 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ்
- ஈறு: வெளிர் ரோஜா நிறம், ஈரம். விரலால் அழுத்தி எடுத்தால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்
- வயிறு: இரண்டு விலாவிலும் கடமுடா சத்தம். சத்தமே இல்லையென்றால்தான் கவலை

ஓய்விலேயே நாடி 60-ஐத் தாண்டினால் தாமதிக்கக் கூடாது. ஆனால் பொது அட்டவணையைவிட உங்கள் குதிரையின் சொந்த எண் முக்கியம். என் குதிரைக்கு அது 36. அது தெரியாமல் 48 என்று எண்ணினால், நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது?

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஆபர்னிலேயே சாட்சி இருக்கிறது. 1955-ல் வெண்டெல் ரோபி என்பவர் தொடங்கிய டெவிஸ் கப் சவாரி: டாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து ஆபர்ன் வரை 100 மைல், 24 மணி நேரத்துக்குள். வழியில் பல இடங்களில் மருத்துவர்கள் நிறுத்திப் பார்ப்பார்கள். இந்த மாதிரி நெடுந்தூரச் சவாரிகளில் நாடி ஒரு வரம்புக்குள், பெரும்பாலும் 60-64க்குள், இறங்கினால்தான் மேலே போக அனுமதி. குதிரையால் "முடியல" என்று சொல்ல முடியாது. அதன் சார்பில் நாடி சொல்கிறது.

மூன்று இடங்களில் வையுங்கள்

எல்லாவற்றையும் சேணப்பையில் வைப்பதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. குதிரை உங்களைத் தள்ளிவிட்டு ஓடினால் பையும் அதோடு ஓடிவிடும்.

உங்கள் உடம்பில்: ஃபோன், விசில், கத்தி, டாக்டரின் எண் எழுதிய காகிதம். ஃபோன் சார்ஜ் தீர்ந்தாலும் காகிதம் இருக்கும்.

சேணப்பையில்: ஸ்டெதஸ்கோப், தெர்மாமீட்டர் (வாலில் கிளிப் போட நூல் கட்டியது), குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் கொக்கி, உப்புக் கரைசல், காயத்தில் ஒட்டாத பட்டை, பஞ்சுச் சுருள், தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் எலாஸ்டிக் கட்டு, அகலமான டேப், ஒரு குழந்தை டயப்பர். சிரிக்காதீர்கள். குளம்பில் காயம் பட்டால் டயப்பரைச் சுற்றி டேப் போட்டால் அதைவிட நல்ல கட்டு கிடையாது. லாடம் கழன்றால் மாட்ட ஒரு ரப்பர் குளம்புக் காலணியும் வேண்டும்.

டிரெய்லரில்: கூடுதல் கட்டுத் துணிகள், 20 லிட்டர் தண்ணீர், வாளி, டார்ச், கையுறை.

செய்யக்கூடாதவை

குளம்பின் அடியில் ஆணி ஏறினால் உடனே பிடுங்கத் தோன்றும். முடிந்தால் பிடுங்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். எவ்வளவு ஆழம், உள்ளே எதைத் தொட்டிருக்கிறது என்று ஆணி இருக்கும்போது எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். அதன்மேல் மேலும் மிதித்து ஏறும் நிலை என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுக்குமுன் இடத்தையும் கோணத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்காலில் முட்டிக்குக் கீழே சதையே கிடையாது. தோல், நரம்புநாண், எலும்புதான். மூட்டுப் பக்கத்தில் சின்ன ஓட்டை மாதிரி தெரிகிற காயம்கூட மூட்டுக்குள் போயிருக்கலாம். கழுவ உப்புக் கரைசல் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல திசுவையும் சேர்த்து அரிக்கும். பஞ்சு வைக்காமல் எலாஸ்டிக் கட்டை இறுக்கினால் நரம்புநாணே கெட்டுவிடும்.

சவாரியின்போது பின்பகுதி விறைத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் தசை சிதைகிறது என்று அர்த்தம். நடத்திச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். நின்ற இடத்திலேயே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

வலி மருந்து டாக்டர் சொல்லாமல் வேண்டாம். வலியை மறைத்தால் அவருக்குத் துப்பும் மறைந்துவிடும்.

சூடு

சூடான குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று இன்றும் சொல்வார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை ஒட்டி நடந்த ஆய்வுகள் இதைத் தவறு என்று காட்டின. நிறைய நீரை, நிறுத்தாமல், உடல் முழுக்க ஊற்றுங்கள். குடிக்கவும் கொடுங்கள்.

இப்போது என் பை சின்னதாகிவிட்டது. பிளாஸ்திரி போய் ஸ்டெதஸ்கோப் வந்திருக்கிறது. மூடியின் உட்புறம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன்: நாடி 36, மூச்சு 12, வெப்பம் 37.6. குதிரை வைத்திருப்பவர்கள் இந்த வாரமே, குதிரை அமைதியாகப் புல் மேயும்போது, மூன்று நாள் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அஞ்சு நிமிஷ வேலை. டாக்டர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.