கராஜ் மூலையில் கிடக்கும் பந்தய மோட்டார் சைக்கிளுக்கு என்ன பெறுமதி?

பழைய இரும்பு எடை போட்டு விற்கப்படும் பொருள். ஆனால் சில சந்தைகளில் அதே இரும்பு எடைக்கு அல்ல, அதன் கதைக்கு விற்கப்படுகிறது. 2011ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொன்ஹாம்ஸ் ஏல நிறுவனம் 1971ஆம் ஆண்டு உற்பத்தியான ஹஸ்க்வர்னா 400 குரொஸ் மோட்டார் சைக்கிள் ஒன்றை 144,500 டொலருக்கு விற்றது. ஹொலிவூட் நடிகர் ஸ்டீவ் மெக்குவீனிடம் இருந்த வண்டி என்பதே அதன் விசேடம். அதே ஆண்டில் அதே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இன்னொரு வண்டிக்கு அதில் சிறு பங்குகூட கிடைக்காது.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு மோட்டோகுரொஸ் பைக் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மண் மேடுகளில் பாய்ந்து செல்லும், விளக்கோ ஹோர்னோ இல்லாத பந்தய வண்டி அது. 1970களிலும் 80களிலும் ஓடிய இத்தகைய வண்டிகளை இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தேடிப் பிடித்து, கம்பனி வீரர்கள் ஓட்டிய தோற்றத்துக்கே மீளமைப்பது ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. அன்று பதினைந்து வயதில் சுவரில் போஸ்டர் ஒட்டி ஆசைப்பட்டவர்கள் இன்று கையில் பணமுள்ள வயதில் இருக்கிறார்கள். வாங்குவோர் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஒரே நிறம், இரு வேறு சரக்கு

அந்தக் காலத்தில் ஹொண்டா, யமஹா, சுசுகி, கவசாகி ஆகிய கம்பனிகள் இரண்டு வகை வண்டிகளைச் செய்தன. ஒன்று, கடையில் யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடியது. மற்றையது, தமது சம்பள வீரர்களுக்காக மட்டும் கையால் செய்த தொழிற்சாலைப் பந்தய வண்டி. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கிட்டப் போனால் மற்றதில் டைட்டேனியம் போல்ட், மக்னீசியம் எஞ்சின் உறை, கையால் தட்டிச் செய்த அலுமினியத் தாங்கி. பெல்ஜிய வீரர் ரொஜர் டி கொஸ்டர் 1971, 72, 73, 75, 76 ஆகிய ஐந்து ஆண்டுகளில் 500 சீசீ உலகப் பட்டத்தை வென்றது சுசுகியின் இத்தகைய வண்டிகளில்தான். விற்பனைக்கு வந்த சுசுகி அதன் தூரத்துச் சொந்தம் மாத்திரமே.

இந்த ஏற்றத்தாழ்வைக் கட்டுப்படுத்த அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 1970களில் ஒரு விதியை வைத்திருந்தது. பந்தயம் முடிந்ததும் நிர்ணயிக்கப்பட்ட தொகையைக் கட்டி, எதிராளியின் வண்டியை வாங்கிக்கொள்ள இன்னொரு போட்டியாளர் கோரலாம். விலைமதிப்பற்ற வண்டியைக் களத்தில் இறக்கினால் அற்ப விலைக்குப் பறிபோகலாம் என்ற பயத்தை உண்டாக்குவதே நோக்கம். வியாபாரியின் மூளையில் உதித்த விதிபோலத்தான் தெரிகிறது. எனினும் அதனால் கம்பனிகளை நிறுத்த முடியவில்லை. இறுதியில் 1986ஆம் ஆண்டு முதல், கடையில் விற்கும் வண்டியை அடிப்படையாகக் கொண்டவையே அமெரிக்கப் போட்டிகளில் ஓட வேண்டும் என்று சங்கம் கட்டாயமாக்கியது.

அசல் தொழிற்சாலை வண்டிகள் மிக அரிதாக இருப்பதற்குக் காரணம் வேறு. பருவம் முடிந்ததும் பல வண்டிகள் ஜப்பானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன, அல்லது நொறுக்கப்பட்டன. தொழில் இரகசியம் போட்டிக் கம்பனியின் கைக்குப் போகக்கூடாது அல்லவா? தப்பியவை அருங்காட்சியகங்களிலும் பெரும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. ஆகவே சந்தையில் புழங்குவது பெரும்பாலும் மூன்றாவது சரக்கு: கடை வண்டியை எடுத்து, தொழிற்சாலை வண்டியின் சாயலில் மாற்றியமைத்த பிரதி.

எல்சினோர் என்ற பெயர்

இத்தகைய வேலைக்கு அதிகம் விரும்பப்படும் வண்டிகளில் ஒன்று ஹொண்டா சீஆர்250எம் எல்சினோர். கலிபோர்னியாவின் எல்சினோர் ஏரிப் பகுதியில் நடந்த பந்தயத்தின் பெயரால் அழைக்கப்பட்டது. ஸ்தாபகர் சொயிசிரோ ஹொண்டாவுக்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பிடிக்காது என்பது ஊரறிந்த விடயம். இருந்தும் சந்தை கேட்டதைக் கம்பனி செய்தது. 1973ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இந்த 248 சீசீ வண்டிக்கு குரோம் மொலி எஃகுச் சட்டகம், பச்சைக் கோடிட்ட வெள்ளி நிற அலுமினியத் தாங்கி. அதே ஆண்டு கெரி ஜோன்ஸ் இதை வைத்து அமெரிக்க 250 சீசீ பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு சிறிய சகோதரனான 125 சீசீ எல்சினோரில் மார்ட்டி ஸ்மித் என்ற இளைஞர், அமெரிக்காவில் அந்த வகுப்புக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட பட்டத்தைப் பெற்றார்.

இங்கே வாங்குபவருக்கு ஒரு பொறி உண்டு. ஹொண்டா எம்டி250 என்ற வண்டியையும் எல்சினோர் என்ற அதே பெயரில் விற்றது. அது விளக்குகளுடன் வீதியில் ஓட்டுவதற்கான, பாரம் கூடிய வண்டி. பெயரை மட்டும் கேட்டு, புகைப்படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால், பந்தய வண்டிக்குப் பதிலாக இதுவோ அல்லது இரண்டின் பாகங்களும் கலந்த ஒன்றோ வந்து சேரும். சட்டக இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் கேட்டு வாங்கிச் சரிபார்க்காமல் முற்பணம் கொடுப்பது புத்தியல்ல.

வேறு பொறிகளும் இருக்கின்றன. 1979ஆம் ஆண்டு ஹொண்டா சீஆர்250ஆர் வண்டிக்கு முன் சக்கரம் 23 அங்குலம். வழக்கமான 21 அங்குல டயர் அதற்குப் பொருந்தாது. அந்த அளவு சில காலத்திலேயே கைவிடப்பட்டதால் டயர் தேடியே மாதங்கள் போகும். 1980களின் ஆரம்பத்தில் யமஹாவின் வைஇசட் வண்டிகள் அமெரிக்காவில் மஞ்சள் நிறத்திலும் ஐரோப்பாவில் வெள்ளை நிறத்திலும் விற்கப்பட்டன. ஐரோப்பிய வீரரின் பிரதியை மஞ்சளில் செய்து வைத்தால் விஷயம் தெரிந்தவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். இலக்கப் பலகைக்கும் கணக்கு உண்டு: அக்கால உலகப் போட்டிகளில் 500 சீசீ வகுப்புக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு இலக்கம், 250க்குப் பச்சையில் வெள்ளை, 125க்குக் கறுப்பில் வெள்ளை.

பளபளப்பு அல்ல, பொருத்தம்

புதிதாக இந்தத் தொழிலில் இறங்குபவர்கள் செய்வது என்னவென்றால், எல்லாவற்றையும் மினுக்குவது. அலுமினியத்தைக் கண்ணாடிபோலத் தேய்த்து, நட் போல்ட்டுக்குக் குரோம் பூசி, சட்டகத்துக்குத் தடித்த பவுடர் கோட்டிங் அடித்து வைப்பார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் தொழிற்சாலை பந்தய வண்டி அப்படி இருந்ததே இல்லை. அது வெல்வதற்காக அவசரத்தில் செய்யப்பட்ட கருவி. பற்றவைப்புத் தடம் அப்படியே தெரியும், பாரத்தைக் குறைக்கத் துளையிட்டிருப்பார்கள், கழன்றுவிடாதிருக்க போல்ட்டுகளைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். போல்ட்டுக்குச் சாதாரண நாகப்பூச்சு இருந்தால் நாகப்பூச்சேதான் வேண்டும். எனது அபிப்பிராயத்தில், அதிகம் மினுக்கிய வண்டியைவிடக் குறைவாகத் தொட்ட வண்டிக்கே எதிர்காலப் பெறுமதி அதிகம்.

அனுபவசாலிகள் முதலில் ஸ்பனரை எடுப்பதில்லை, புகைப்படங்களைத் தேடுகிறார்கள். தொழிற்சாலை வண்டி ஒரு பந்தயத்திலிருந்து அடுத்த பந்தயத்துக்குள் மாறிவிடும்: போர்க் வேறு, சைலன்சர் வேறு, ஸ்டிக்கர்கூட வேறு. ஆகவே "மார்ட்டி ஸ்மித் பைக்" என்று பொதுவாகச் செய்யாமல், எந்த ஆண்டு, எந்தப் பந்தயம் என்று ஒன்றைத் தீர்மானித்து, அன்றைய சஞ்சிகைப் படங்களை வைத்து அதையே பின்பற்ற வேண்டும். 1971இல் தொடங்கிய டேர்ட் பைக், 1973இல் தொடங்கிய மோட்டோகுரொஸ் அக்ஷன் போன்ற சஞ்சிகைகளின் பழைய இதழ்களும் இதனால் விலை போகின்றன.

வெளித் தோற்றத்துக்குச் செலவழித்துவிட்டு எஞ்சினை மறப்பவர்களும் உண்டு. பல்லாண்டு கிடந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங் சீல் காய்ந்திருக்கும். அதனூடாகக் காற்று புகுந்தால் பெற்றோல் கலவை ஐதாகி, சூடேறி, பிஸ்டன் உருகிவிடும். சில டொலர் சீலை மாற்றாததால் முழு எஞ்சினும் போகும். மக்னீசியம் உறை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஈரம் பட்டு உள்ளே அரித்து வெள்ளைத் தூளாகியிருக்கும், மேலே பூசிய பெயின்ட் அதை மறைத்திருக்கும்.

வாங்குபவர் ஓட்டப் போகிறாரா, வைத்துப் பார்க்கப் போகிறாரா என்பதையும் முதலிலேயே கேட்க வேண்டும். அமெரிக்காவில் பழைய வண்டிகளுக்கென்றே போட்டி நடத்தும் சங்கம், 1974 வரையான வின்டேஜ் வகுப்பில் சஸ்பென்ஷன் அசைவு முன்னே 7 அங்குலத்தையும் பின்னே 4 அங்குலத்தையும் தாண்டக்கூடாது என்கிறது. பிற்காலத் தொழிற்சாலைத் தோற்றத்துக்காக நீண்ட ஷொக் பூட்டிய வண்டி அங்கே பரிசோதனையிலேயே நின்றுவிடும்.

இலாபம் எங்கே?

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். உடைந்த வண்டி 2,000 டொலர். பாகங்கள், பூச்சு, இருக்கை, டயர் எல்லாம் சேர்த்து 5,000. விற்ற விலை 10,000. கையில் 3,000 மிச்சம் என்று சந்தோஷப்படலாம். ஆனால் முழுமையான வேலைக்கு இருநூறு மணித்தியாலம் போயிருந்தால், மணித்தியாலத்துக்கு 15 டொலர்தான் மிஞ்சுகிறது. இடவாடகை, மாதக்கணக்கில் முடங்கிய பணம், பாகங்களின் அனுப்புசெலவு இதில் சேரவில்லை. முழு வண்டியை மீளமைத்து விற்பவர்களில் பலர் உண்மையில் தமது பொழுதுபோக்குக்குத் தாமே சம்பளம் கொடுக்கிறார்கள்.

நிலையான வருமானம் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். மட்கார்ட், இருக்கை உறை, புகைக்குழாய், கேபிள், ரப்பர் என்று வழக்கொழிந்த ஒரு பாகத்தை மட்டும் எடுத்து, அதற்கு அச்சுச் செய்து, உலகம் முழுதும் தபாலில் அனுப்புபவர்கள். ஒரு தடவை அச்சுக்குச் செலவு, பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் விற்பனை. கம்பனிச் சின்னம் பதித்த ஸ்டிக்கர் என்றால் மட்டும் வர்த்தகக் குறி உரிமையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கூட்டம், மூடிய முகவர் நிலையங்களின் களஞ்சியங்களைத் தேடி, பெட்டி பிரிக்காத அசல் பாகங்களை மொத்தமாக வாங்குகிறது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கைமாறும் போது ஒரு விடயத்தில் கவனம்: பாவித்த பெற்றோல் தாங்கியில் ஆவி நின்றால் விமானச் சரக்கில் அது ஆபத்தான பொருள். கழுவிக் காயவைத்த பின்னரே ஏற்றுவார்கள்.

பிரதியைப் பிரதி என்று சொல்லி விற்பதில்தான் இந்தச் சந்தையின் உயிர் இருக்கிறது. அசல் தொழிற்சாலை வண்டிக்கும் நல்ல பிரதிக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. எனவே ஆசை காட்டிப் பொய் சொல்வதற்கும் இடம் அதிகம். வாங்குவோர் வட்டமோ சிறியது. ஒரு வண்டியில் மாட்டிக்கொண்டவருடன் அடுத்த முறை யாரும் பேரம் பேசமாட்டார்கள். இதனால் நல்ல மீளமைப்பாளர்கள் வண்டியுடன் ஒரு கோப்பையும் கொடுக்கிறார்கள். வாங்கியபோது இருந்த நிலையின் படங்கள், இரண்டு இலக்கங்கள், எந்தப் பாகம் அசல், எது புதிதாக வார்த்தது, எது வேறு வண்டியிலிருந்து எடுத்தது என்ற பட்டியல், பற்றுச்சீட்டுகள் என எல்லாம் அதில் இருக்கும். ஏலத்தில் இரண்டு ஒரே மாதிரி வண்டிகள் நின்றால், கோப்புள்ள வண்டியின் பக்கம்தான் முதலில் கை உயரும்.